அசல் என்று சொன்னேன்

வேண்டாம் சார், மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கனமில்லை, உள்ளே இரண்டே இரண்டு கவர்தான். காலையில் சம்பந்தி வீட்டு வாசலிலும் இதே கூத்துதான். "பையைக் குடுங்க சம்பந்தி" என்று அவர் இழுக்க, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று நான் இழுக்க, மாவு மில்லில் வேலை செய்கிற அவர் கை அப்படியே பையில் பதிந்துவிட்டது. பாருங்கள், ஐந்து விரலும் தெரிகிறது.

நீங்கள் தர்மபுரியில் இறங்கி சேலமா? நல்லது. நாளைக்கு என் முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அப்படிப்பட்ட ஆளிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

எனக்கு மாட்டு வேலை. பொலிகாளைப் பண்ணையில் லேப் டெக்னீஷியன், முப்பத்தைந்து வருஷமாக. காளைகளிடமிருந்து விந்து எடுத்து, சோதித்து, மெல்லிய குழாயில் அடைத்து உறைய வைப்போம். கிராமத்து மாட்டு ஆஸ்பத்திரியில் சினை ஊசி போடுகிறார்களே, அது எங்களைப் போன்ற இடத்திலிருந்து போவதுதான். சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் சாயம் போட்டு ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் எந்தக் காளை உருப்படும், எது உருப்படாது என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். டாக்டரே என்னைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

மூன்று விஷயம் பார்க்க வேண்டும் சார். உயிரணு எத்தனை இருக்கிறது, எப்படி நீந்துகிறது, தலை எப்படி இருக்கிறது. முதல் இரண்டையும் எல்லோரும் பார்ப்பார்கள். தலையைப் பார்க்கத்தான் பொறுமை வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் 417 என்று ஒரு காளை. பார்த்தால் கும்பிடத் தோன்றும், அப்படி ஒரு திமில். எண்ணிக்கை அமோகம், நீச்சல் அமோகம். ஆனால் அதன் ஊசி போட்ட மாடு எதுவும் சினை பிடிக்கவில்லை. விவசாயிகள் என்ன செய்தார்கள்? மாடு மலடு என்று அடிமாட்டுக்கு ஓட்டிவிட்டார்கள். ஒன்றா இரண்டா. பிறகுதான் டாக்டர் தலையைப் பார்த்தார். தலைக்கு மேலே தொப்பி மாதிரி ஒன்று இருக்கும், முட்டையைத் துளைத்து உள்ளே போவதற்கு. 417க்கு அது சரியில்லை. ரத்த வழியில் வருகிற குறை. அதைக் கழித்தோம், அதோடு கூடப்பிறந்த இரண்டு காளைகளையும் சேர்த்துக் கழித்தோம். அடிமாட்டுக்குப் போன மாடுகள் போனதுதான்.

ஒவ்வொரு காளைக்கும் எங்களிடம் வம்ச அட்டை உண்டு. அப்பன் யார், ஆத்தாள் யார், மூன்று தலைமுறை. ஒரே ரத்தம் கலந்துவிடக்கூடாது. ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குக் கூட்டம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். "சொந்த ரத்தத்துல சேர்க்காதீங்கய்யா, ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருக்கிற குறை ஒண்ணா சேர்ந்து வெளியே வந்துடும்." கைதட்டுவார்கள். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், கதவைத் திறப்பது என் சொந்த அக்கா மகள். "வந்துட்டீங்களா மாமா?"

ஆமாம் சார். சுலோச்சனா என் அக்கா மகள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். "என் பொண்ணை வெளியே குடுக்க மாட்டேன்டா, நீதான் கட்டிக்கணும்" என்றாள். கட்டிக்கொண்டேன். எனக்கு இருபத்திரண்டு, அவளுக்குப் பதினெட்டு. எங்கள் பக்கம் அதில் பெருமைதான் உண்டு. எங்கள் அம்மாவும் அப்பாவும்கூட அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை. வம்ச அட்டை எழுதினால் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வரும்.

ஆறு வருஷம் குழந்தை இல்லை. எனக்கு லேபில் பார்த்தார்கள். எண்ணிக்கை சரி, நீச்சல் சரி, நார்மல் என்று சீட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் யார் தலையில் விழும்? சுலோச்சனாவுக்குக் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தார்கள், மூன்று தடவை. அக்காவே என்னிடம் அழுதாள். "என் வயித்துல பொறந்தது உன் வாழ்க்கையைக் கெடுத்துடுச்சேடா. நீ வேற ஒருத்தியைக் கட்டிக்கோ, நானே பார்க்கிறேன்." தாயே சொன்னாள் சார், மகளை வைத்துக்கொண்டே. நான் முடியாது என்றேன். ஊரில் எனக்கு அவ்வளவு நல்ல பெயர். "மலடியைக்கூடக் கைவிடாத மனுஷன்" என்பார்கள். கோயில் கமிட்டியில்கூடச் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம், லேபில் யாருமில்லை. என்ன தோன்றியதோ, கதவைச் சாத்திவிட்டு என்னுடையதையே சாயம் போட்டு ஸ்லைடில் வைத்தேன்.

நெல்மணி மாதிரி இருக்க வேண்டும் சார், மனுஷனுக்கு. நீளவாக்கில். எனக்குக் கேழ்வரகு. எல்லாமே உருண்டை. சாயம் போடாமல் பார்த்தால் ஓடுகிறது, துள்ளுகிறது, சாயம் போட்டால் ஒன்றின் தலையிலும் தொப்பி இல்லை. ஸ்லைடை மாற்றிப் பார்த்தேன், சாயத்தை மாற்றிப் பார்த்தேன். கேழ்வரகுதான். வெளியே காளைகளுக்குத் தீவனம் போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஸ்லைடைக் கழுவினேன், பத்துத் தடவையாவது கழுவியிருப்பேன்.

சுலோச்சனாவிடம் சொன்னேனா? சொன்னேன். நான் அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால் உடனே சொல்லவில்லை. ஒரு வருஷம் ஆகியிருக்கும். நடுவில் நான்காவது தடவையும் சுத்தம் செய்துவிட்டார்கள்.

சென்னையில் ஊசி வழியாக உயிரணுவை முட்டைக்குள் செலுத்துகிற வைத்தியம் அப்போதுதான் வந்திருந்தது. தொப்பி இல்லாவிட்டால் என்ன, ஊசி துளைத்துக் கொடுக்கும். புறப்பட்டோம். ரயிலில் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "ஆஸ்பத்திரியில என்னை மாமான்னு கூப்பிடாதே. என்னங்கன்னு கூப்பிடு." ஏன் என்று கேட்டாள். "சொந்தத்துல கல்யாணம்னு தெரிஞ்சா வைத்தியம் பண்ண மாட்டாங்க" என்றேன்.

அப்படி யாரும் சொல்லவில்லை சார். நானாக நினைத்துக்கொண்டேன். எங்கள் பண்ணையாக இருந்தால் கழித்திருப்போம் அல்லவா, அந்தப் பயம்.

டாக்டரம்மா கேட்டார். "சொந்தத்துல கல்யாணமா?" நான் சொன்னேன், "இல்லைங்க, அசல்." பேனாவால் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார். "அசல்னா கவலை வேண்டாம். சொந்தம்னாதான் யோசிக்கணும். உங்க மனைவி ரத்தத்துலயும் இது ஒளிஞ்சிருக்கலாம். இருந்தா, பிறக்கிற பையனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. எதுக்கும் நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். சுலோச்சனா தரையைப் பார்த்தாள். நான், "இல்லைங்கம்மா, வேற ஊரு, வேற குடும்பம்" என்றேன். இரண்டாவது தடவை கேட்டபோது இன்னும் தெளிவாகச் சொன்னேன்.

முட்டை எடுக்கக் கொடுத்த மயக்கம் தெளிகிறபோது அவள் முதலில் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "மாமா." நர்ஸ் சிரித்தாள். "என்னது மாமாவா? சொந்தமா சார்?" நான் உடனே, "எங்க பக்கம் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவாங்க சிஸ்டர்" என்றேன். சுலோச்சனா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "தப்பாக் கூப்பிட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை வீட்டிலும் என்னை அவள் மாமா என்று கூப்பிட்டதில்லை. பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

மூன்றாவது முயற்சியில் தீபன் பிறந்தான். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதால் அவளுடைய குறை தீர்ந்தது என்று ஊரில் சொன்னோம். அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினேன், செத்தாலும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று. அவள் சொல்லவில்லை. தங்கமான மனுஷி.

தீபன் நல்ல பையன். மாட்டு முகாம் முடிந்து நான் ஊருக்கு வந்தால் ஓடிவந்து பையைப் பிடுங்கித் துழாவுவான், பொரி உருண்டை இருக்கும் என்று. இருபத்தேழு வயதாகிறது, இன்னும் அதே பழக்கம். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பை அவன் கையில் இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் செய்தோம். பெண் மேகலா. அசலில்தான் எடுத்தேன். அக்கா குதித்தாள். அவள் மகன் வீட்டில் ஒரு பேத்தி இருக்கிறது, தீபனுக்கு மாமன் மகள், அதைத்தான் கட்ட வேண்டும் என்று. நான் விடவில்லை. இனியாவது அந்தக் கலப்பு வேண்டாம் என்று. அந்த மட்டுக்கும் நான் சரியாகத்தான் நடந்துகொண்டேன், இல்லையா?

ஒரு வருஷம், இரண்டு வருஷம். ஒன்றுமில்லை. தீபனை லேபுக்கு அனுப்பினார்கள். எண்ணிக்கை சரி, நீச்சல் சரி, நார்மல். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? அந்தச் சீட்டை லேமினேஷன் செய்துவிட்டாள் சார். படிக்கத் தெரியாது அவளுக்கு. விசேஷ வீடுகளுக்கு எடுத்துப்போய்க் காட்டுவாள். "என் பேரன் சிங்கம். பார்த்துக்கோ, கவர்மெண்டு சீல் இருக்கு." கவர்மெண்டாவது சீலாவது, கடைத்தெரு லேப் அது. அந்த லேப்காரன் என்னிடம் வேலை கற்றுக்கொண்டவன். நான் போய் ஸ்லைடைக் கேட்டேன். "தலையைப் பார்த்தியாப்பா?" "அதெல்லாம் யாரு சார் இப்போ பார்க்கிறாங்க?" என்றான்.

நான் பார்த்தேன். கேழ்வரகு.

அது ஒரு திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை மேகலாவுக்கு வயிற்றில் துளை போட்டுப் பார்க்கிற ஆபரேஷன். நடுவில் நான்கு நாள் இருந்தது. சொல்லியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை சொல்ல நினைத்தேன், தீபன் ஷிப்டுக்குப் போய்விட்டான். புதன்கிழமை அக்கா வந்து உட்கார்ந்துவிட்டாள். வியாழக்கிழமை என்ன ஆனது என்று இப்போது ஞாபகம் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த மாமனார் சார் அதெல்லாம் செய்வார்?

அப்புறம் மாத்திரை, ஊசி, வாந்தி. அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அக்கா சாப்பாட்டுத் தட்டு முன்னால் வைத்துச் சொன்னாள். "அசல்ல எடுத்தா இப்படித்தான். எங்க ரத்தமா இருந்திருந்தா இந்நேரம் மடியில ரெண்டு தவழ்ந்திருக்கும்." மேகலா கையைக் கழுவிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். தீபன், "அவளாப் போனா, அவளா வரட்டும்" என்றான். அக்கா வக்கீலைப் பார்த்தாள். இரண்டு பேரும் மனமொத்துப் பிரிகிறோம் என்று எழுதிய பத்திரம், அதுதான் ஒரு கவர். பேத்தி படிப்பு முடிகிறதாம், அடுத்த முகூர்த்தத்தில் தீபனுக்கு. "நீதான் பெரியவன், போய்ப் பக்குவமாப் பேசிக் கையெழுத்து வாங்கிட்டு வா" என்று என்னைத்தான் அனுப்பினார்கள்.

இரண்டாவது கவர் என்னுடையது. பீரோ அடியிலிருந்து நேற்று எடுத்தேன். சென்னை ஆஸ்பத்திரிச் சீட்டு. என் பெயர், வயது, குறை, அதற்குக் கீழே "சொந்தத் திருமணம் இல்லை" என்ற வரி. சுலோச்சனா கதவோரம் நின்று பார்த்தாள். "எங்கே எடுத்துட்டுப் போறீங்க?" என்றாள். "சும்மா" என்றேன். "சும்மாவே எடுத்துட்டுப் போயிட்டு, சும்மாவே எடுத்துட்டு வந்துடாதீங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

அரூர் தாண்டிவிட்டதா? சரி.

சம்பந்தி நாகப்பன் இருக்கிறாரே, அவர் நம்மைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாட்டுக்கோழி அடித்திருந்தார் சார். மகளை அத்துவிட வந்தவனுக்கு நாட்டுக்கோழி. இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, புருவத்தில் மாவோடு கைகூப்பினார். "எங்க பொண்ணு மேலதான் குறை சம்பந்தி. நீங்க மூணு வருஷம் பொறுத்ததே பெரிசு. வேற வீடா இருந்தா முதல் வருஷமே அனுப்பியிருப்பாங்க. தம்பியாவது நல்லா இருக்கட்டும்." நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? சாப்பிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் குழம்பு என்று அவர் ஊற்ற, அதையும் சாப்பிட்டேன். பை மடியிலேயே இருந்தது.

மேகலா வண்டியில் என்னைப் பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுவந்தாள். அங்கேதான் சொன்னேன். கடைசியில் சொல்லிவிட்டேன் சார், அதைக் கவனியுங்கள். கவரை எடுத்துக் கொடுத்தேன். "உன்மேல குறை இல்லம்மா. எங்க ரத்தத்துல இருக்கு. என்கிட்ட இருந்து அவனுக்கு வந்திருக்கு." நின்றபடியே எல்லாத் தாளையும் படித்தாள்.

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"இருபத்தேழு வருஷமா சொல்லலையா?"

"சத்தியம் பண்ணியிருக்கா."

"அவருக்கு?"

"தீபனுக்குத் தெரிய வேண்டாம்மா. ஆம்பளைப் பிள்ளை, தாங்க மாட்டான்." அப்புறம் நான் யோசித்து வைத்திருந்த வழியைச் சொன்னேன். "நீ கிளம்பி வந்துடு. பத்திரத்தைக் கிழிச்சுப் போட்டுடலாம். சென்னையில இப்போ வைத்தியம் எவ்வளவோ முன்னேறியிருக்கு. சிகிச்சை உனக்குத்தான்னு வெளியே சொல்லிக்கலாம். ஒரு வருஷத்துல கையில குழந்தை. உங்க அத்தை அப்படித்தான் சமாளிச்சா."

நல்லதுக்குத்தானே சொன்னேன்? அவள் வாழ்க்கை கெடக்கூடாது, அவன் மனசும் கெடக்கூடாது. இதைவிட வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

அவள் கடைசித் தாளை மறுபடி திருப்பிப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள், கோபமாகக்கூட இல்லை. "என் வயித்துல மூணு ஓட்டை போட்டாங்களே மாமா, அன்னைக்கு ஹார்லிக்ஸோட வந்தீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"அத்தைக்கிட்டயும் இப்படித்தான் ஒரு பஸ் ஸ்டாப்புல நின்னு கேட்டீங்களா?" என்றாள். ரயிலில் என்று சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை, சொல்லவில்லை.

தாளையெல்லாம் ஒழுங்காக அடுக்கி, கவரில் போட்டு, என் பைக்குள் அவளே வைத்தாள். வக்கீல் கவருக்கு மேலே. "ரெண்டையும் அவர்கிட்ட குடுங்க. மேலே இருக்கிறதை முதல்ல படிக்கட்டும். படிச்சதுக்கு அப்புறமும் பத்திரத்துல கையெழுத்து வேணும்னா அவரே வந்து கேட்கட்டும், போட்டுடறேன். கூட வான்னு கூப்பிடணும்னாலும் அவரேதான் வரணும்." பஸ் வந்தது. ஏறும்போது, "பார்த்து ஏறுங்க மாமா, படி உயரமா இருக்கு" என்றாள். அதுதான் சார் எனக்குத் தாங்கவில்லை.

அவள் அப்படிக் கேட்டிருக்க வேண்டியதில்லை, பெரியவனிடம். ஆனால் அரூரிலிருந்து யோசித்துக்கொண்டே வருகிறேன். 417க்கு என்ன தெரியும், வாயில்லாத ஜீவன். அந்த மாடுகளை ஓட்டிப்போனார்களே, அப்போது காளைக்குத் தெரிந்திருந்து சும்மா நின்றிருந்தால்? என்னவோ பேசுகிறேன். விடுங்கள்.

இதோ, பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. அந்த நீலச் சட்டை, வண்டிமேல் சாய்ந்துகொண்டு நிற்கிறானே, அவன்தான் தீபன். என்னைப் பார்த்துவிட்டான். வருகிறான்.

எப்படிச் சொல்லட்டும் சார்? வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டே சொல்லலாமா? முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இல்லை, வீட்டுக்குப் போய், அக்கா தூங்கின பிறகு. நாளைக்குக்கூட ஆகலாம். அவனுக்கு நாளைக்கு லீவுதான்.

"என்னப்பா, கையெழுத்துப் போட்டாளா?"

இரு, இறங்கி வர்றேன்.

"கூட்டமா இருக்குப்பா. பையை ஜன்னல் வழியாக் குடுங்க, நான் வச்சிருக்கேன்."

இருக்கட்டும்ப்பா, கனமில்லை.

"குடுங்கப்பா."

கொடுத்துவிட்டேன் சார். நீங்களும் பார்த்தீர்கள்தானே? நான்தான் கொடுத்தேன். அவன் பிடுங்கவில்லை.

பாருங்கள், நான் சொன்னேனே. உள்ளே கையை விட்டுவிட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மேலே இருப்பதைத்தான் எடுக்கிறான். பழைய காகிதம், மடிப்பு இற்றுப்போயிருக்கிறது, மெதுவாகப் பிரிக்க வேண்டும். மெதுவாகத்தான் பிரிக்கிறான்.

நீங்கள் இறங்குங்கள் சார், சேலம் பஸ் எதிர்ப் பக்கம் நிற்கும். பின்னால் வருகிறவர்களும் இறங்கட்டும். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.